சரி

கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.
வாயிற்கூட்டத்துக்குக் கோரிக்கை எழுத
என்னைப் பிடித்துவிட்டார் கிளைச் செயலாளர் எத்திராஜ்.
டயர் ஷெட்டுக்குப் பின்னால்
கவிழ்த்துப் போட்ட பேட்டரிப் பெட்டிமேல்
சார்ட் அட்டை, சிவப்பு மார்க்கர்.
தண்டையார்பேட்டை மழை
தகரத்தை விட்டபாடில்லை.

"மொதல்ல பிரேக் லைனிங் போடு" என்றார்.
போட்டேன்.
இண்டென்ட் போயிருக்கிறது என்பார்கள் ஸ்டோரில்.
போனது சித்திரையில்.
இது ஐப்பசி.
செத்த வண்டியில் கழற்றி
சாகப்போகிற வண்டிக்கு மாட்டுகிறோம்.
மிச்சத்தை உப்புக்காற்று தின்கிறது.

டிக்கெட் பையோடு வந்தாள் சகாயமேரி.
"எண்ணூர்ல கக்கூஸ் கதவுக்குத் தாப்பா கெடயாது.
அத மட்டும் எழுத மாட்டீங்களே?"
எழுதினேன்.
தாழ்ப்பாள் என்ற சொல்லைச் சிவப்பில் எழுதுவது
இந்த இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்லதுதான்,
என் வீட்டுக்காரியும் அதில்தான் போகிறாள் மார்க்கெட்டுக்கு.
அந்தக் காசு மேலேயிருந்து இறங்கி வருவதற்குள்
எங்கள் பி.எஃப். பணம் டீசலாகி,
எக்ஸ்பிரஸ் ரோட்டில்
கண்டெய்னர் வரிசைக்கு நடுவே நின்று
புகையாகப் போய்விடுகிறது.
சில நாள் மோந்து பார்ப்பேன்:
இது என் மகளின் காலேஜ் ஃபீஸ் வாசம்.

காண்ட்ராக்ட் பையன் நிசார் ஒன்றும் கேட்கவில்லை.
ஜாக்கியில் நசுங்கிய விரலுக்கு
கிரீஸ் துணி சுற்றியிருந்தான்.
எந்த ரிஜிஸ்டரிலும் அவன் பெயர் இல்லை.
ஆகவே விரலும் நசுங்கவில்லை.
அவனை எழுதும்போது எண் குழம்பி
மூன்றை அடித்து நான்காக்கி
மறுபடி அடித்தேன்.

பிறகுதான் கன்னியப்பன் வந்தார்.
சஸ்பெண்ட் ஆகி நாற்பத்தொரு நாள்.
காக்கி இல்லாமல், கட்டம்போட்ட சட்டையில்
யாரோ போலிருந்தார்.
எர்ணாவூர் பாலத்து இறக்கத்தில்
மிதித்திருக்கிறார். நிற்கவில்லை.
மிதித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.
முன்னால் ஒரு மீன் ஆட்டோ.
அதை ஓட்டியவருக்கு இரண்டு காலும்.
அதிவேகம், அஜாக்கிரதை என்று முடித்தார்கள் விசாரணையில்.

ஒழுகாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு
"என் கேஸ எழுதாதப்பா" என்றார்,
"என்னால கூட்டம் கெட வேணாம்."

அன்றைக்குக் காலை நாலே முக்காலுக்கு
லாக் ஷீட்டில், பிரேக் என்ற கட்டத்துக்கு எதிரே
சரி என்று எழுதியது
இந்தக் கைதான்.
அழகாகத்தான் எழுதியிருந்தேன்,
ரியின் சுழிகூடப் பிசகாமல்.
வண்டி போகாவிட்டால் எனக்கு மெமோ,
ஸ்டாப்பில் ஆலைக்குப் போகிற ஜனம்.
சரி என்றால் சரியில்லை என்று
டிப்போவில் அத்தனை பேருக்கும் தெரியும்.
ரோட்டுக்குத் தெரியாது.
மீன் ஆட்டோவுக்குத் தெரியாது.

அட்டையில் அடியில் இரண்டு விரற்கடை மிச்சம்.
எண் போடாமல் எழுதினேன்:

கன்னியப்பன் ஓட்டிய வண்டிக்குச் சரி போட்டவன் நான்.
லைனிங் தேய்ந்தது தெரிந்தே போட்டேன்.

கீழே பெயர். டோக்கன் நம்பர்.

எத்திராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
இரண்டு தரம் படித்தார்.
"இது கோரிக்கையா?"

"தெரியல. ஒட்டுங்க."

நல்ல கையால் பசை தடவ ஆரம்பித்திருந்தான் நிசார்.
கன்னியப்பன் அட்டைப் பக்கம் திரும்பவில்லை,
மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டருகே ஒரு வண்டி உறுமி நின்றது.
டிரைவர் லாக் ஷீட்டைச் சட்டைக்குள் செருகி
நனையாமல் ஓடிவந்து
என்னிடம் நீட்டினார், பேனாவோடு.